பழங்குடியினர் நடத்தும் அமேசான் லாட்ஜில் மூன்று இரவு: போகலாமா, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி இது: "பெருவில் குஸ்கோ, மாச்சு பிச்சு முடித்த பிறகு நான்கைந்து நாள் மிச்சம் இருக்கிறது. அமேசான் காட்டில் பழங்குடி மக்களே நடத்தும் லாட்ஜ்கள் இருப்பதாகப் படித்தோம். எட்டு வயது மகளும் வருகிறாள். இவ்வளவு குறைந்த நாளில் போவதில் பலன் உண்டா? போனால், அந்த மக்களை வேடிக்கை பார்த்ததாக ஆகிவிடாதா?"

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எங்கே போவது என்பதற்கான விடையும் அதிலிருந்துதான் வரும். நீங்கள் வேடிக்கை பார்க்கப் போகிறீர்களா, விருந்தாளியாகப் போகிறீர்களா என்பதை உங்கள் நல்லெண்ணம் மட்டும் தீர்மானிக்க முடியாது. லாட்ஜ் யார் நிலத்தில், யார் பெயரில் இருக்கிறது, லாபம் எப்படிப் பிரிகிறது, வருகிறவர்களுக்கு எதைக் காட்டலாம் எதைக் காட்டக்கூடாது என்று சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. அறையின் படங்களைப் பார்ப்பதற்கு முன்னால் இதை மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். "உள்ளூர்க்காரர்களுக்கு வேலை கொடுக்கிறோம்" என்று மட்டும் பதில் வந்தால் மேலும் கேளுங்கள்: எந்த வேலை? வழிகாட்டியாகவும் மேலாளராகவும் அந்த ஊர்க்காரர்கள் இருக்கிறார்களா, அல்லது படகு ஓட்டவும் துணி துவைக்கவும் மட்டும்தானா? ஒழுங்காக நடக்கும் இடங்களில் இந்தக் கேள்வியை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. சந்தோஷமாக விவரம் சொல்வார்கள்.

உங்கள் பயணத்துக்குக் கிட்டத்தில் இருக்கும் ஒரு இடத்தையே உதாரணமாகச் சொல்கிறேன். பெருவின் தென்கிழக்கில் மாத்ரே டி டியோஸ் வட்டாரத்தில், தம்போபாட்டா ஆற்றங்கரையில் இன்ஃபியெர்னோ என்ற ஊர் இருக்கிறது. எஸே எஹா பழங்குடியினரும், ஆற்றோரக் கலப்புக் குடும்பங்களும், ஆண்டீஸ் மலையிலிருந்து பிழைப்புத் தேடி இறங்கி வந்தவர்களும் சேர்ந்து வாழும் ஊர். 1976-ல் அவர்களுக்கு நிலப் பட்டா கிடைத்தது. 1996-ல் ரெயின்ஃபாரஸ்ட் எக்ஸ்பெடிஷன்ஸ் என்ற பெரு நாட்டு நிறுவனத்தோடு 20 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அந்த ஒப்பந்தப்படி லாட்ஜ் அமைந்தது ஊர் நிலத்தில். லாபத்தில் 60 விழுக்காடு ஊருக்கு, 40 நிறுவனத்துக்கு என்று இருந்தது. முடிவெடுப்பதில் இரு தரப்புக்கும் சரிபாதி உரிமை இருந்தது. 1998-ல் போசாடா அமசோனாஸ் லாட்ஜ் திறந்தது. கணக்கைப் பார்க்கவும் கேள்வி கேட்கவும் ஊர் சார்பில் ஒரு குழுவும் அமைந்தது. இந்தக் கடைசி விஷயத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பங்கு எத்தனை விழுக்காடு என்று தாளில் எழுதுவது எளிது. கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கிற அதிகாரம் இல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

இதனால் காட்டுக்கு என்ன ஆனது என்பதற்கு ஹார்ப்பி கழுகைச் சொல்லலாம். குரங்கையும் மரத்தில் தொங்கும் ஸ்லாத்தையும் தூக்கிச் செல்லும் அளவுக்குப் பெரிய பறவை. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு குஞ்சுதான் வளர்க்கும். ஒரு காலத்தில் கண்ணில் பட்டால் சுட்டுவிடுவது சாதாரணமாக இருந்தது. பயணிகள் வரத் தொடங்கிய பிறகு, கூட்டைக் கண்டுபிடித்துப் பாதுகாக்கும் குடும்பத்துக்குப் பார்வையாளர்களால் பணம் கிடைத்தது. கூடு இருக்கும் மரம் யார் நிலத்தில் நிற்கிறதோ, அவர்களே அதற்குக் காவலாகவும் ஆனார்கள்.

இதே வட்டாரத்தில் இன்னொரு வருமானமும் இருக்கிறது: தங்கம். குஸ்கோவிலிருந்து இந்த வட்டாரத்தின் தலைநகரான புவேர்த்தோ மால்டொனாடோவுக்குப் பறக்கும்போது, பச்சைக்கு நடுவே சேற்று மஞ்சளில் குழிகுழியாக வெட்டுப்பட்ட பரப்பு விமானச் சன்னலிலிருந்து தெரிவதுண்டு. ஆற்று மணலில் தங்கத் துகளைப் பிரிக்கப் பாதரசம் பயன்படுத்துகிறார்கள். அது நீரில் கலந்து, மீனில் ஏறி, மீன் தின்னும் மனிதர் உடம்புக்குள் போகிறது. லா பாம்பா என்ற பகுதியில் பெருகிக் கிடந்த சட்டவிரோதச் சுரங்கங்களை அகற்ற 2019 பிப்ரவரியில் பெரு அரசு படைகளை அனுப்ப வேண்டியிருந்தது. காட்டை நிற்கவிட்டே வாழ முடியும் என்று ஒரு ஊர் முடிவெடுப்பது அங்கே லேசான காரியம் இல்லை. நீங்கள் கொடுக்கும் அறை வாடகை அந்த முடிவுக்குப் பக்கபலம். நீங்கள் போக வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணமே இதுதான்.

அமேசானின் மற்ற இடங்களிலும் இப்படி நடந்திருக்கிறது. பொலிவியாவின் மதிதி தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் சலலான் லாட்ஜ், வெளி உதவியோடு தொடங்கப்பட்டு 2001-ல் சான் ஹோசே டி உச்சுப்பியாமோனாஸ் ஊராரின் முழு உடைமையானது. ஈக்வடாரில் அச்சுவார் மக்களின் நிலத்தில் ஒரு தனியார் நிறுவனம் 1996-ல் திறந்த காபாவி லாட்ஜ், ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே, 2008-ல், அவர்கள் கைக்கு வந்தது. அதே நாட்டில், யசுனி தேசியப் பூங்காவில், அன்யாங்கு கிச்வா சமூகம் நாப்போ வைல்ட்லைஃப் சென்டரை முழுக்கத் தானே நடத்துகிறது. தங்கள் எல்லைக்குள் வேட்டையை நிறுத்தினார்கள். லாட்ஜுக்குப் போகும் ஓடையில் மோட்டார் படகுக்கு இடமில்லை, துடுப்புதான். யசுனியில் ஒரு எண்ணெய்த் தொகுதியில் துளையிடுவதை நிறுத்த வேண்டும் என்று 2023 ஆகஸ்டு 20 அன்று ஈக்வடார் மக்கள் சுமார் 59 விழுக்காடு வாக்களித்ததும் நினைவிருக்கலாம். ஈக்வடார் போகிறவர்களுக்கு அன்யாங்குவைத் தயங்காமல் சொல்வேன். நீங்கள் ஏற்கெனவே குஸ்கோவில் இருப்பதால் தம்போபாட்டாதான் சரி. விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. தரைவழியில் போனால் மலையிலிருந்து இறங்கும் பேருந்துக்குப் பத்து மணி நேரம்போல ஆகும்.

இப்போது நாட்கணக்கு. இரண்டு இரவு என்று விற்கப்படும் பயணத்தை எடுக்காதீர்கள். முதல் நாள் பிற்பகல்தான் போய்ச் சேருவீர்கள். கடைசி நாள் விடிந்ததும் படகு ஏற வேண்டும். நடுவே கிடைப்பது ஒரே ஒரு முழு நாள், அதுவும் மழை பெய்யாதிருந்தால். மூன்று இரவு என்றால் இரண்டு விடியற்காலைகள் முழுசாகக் கிடைக்கும். மழைக்காட்டில் காலை ஐந்திலிருந்து ஒன்பது வரைதான் முக்கியமான நேரம். நான்கு இரவு முடிந்தால் இன்னும் நல்லது. ஆனால் கூடுதல் நாளை நிரப்ப ஜிப்லைன், கயாக் என்று சேர்க்க வேண்டாம். பார்த்த பாதையிலேயே மறுபடி நடக்கக் கேளுங்கள். முதல் நாள் கண்ணுக்குத் தெரியாத பாதி விஷயம் இரண்டாம் நாள் தெரியும்.

அந்த விடியற்காலைகளில் ஒன்றை களிமண் மேட்டுக்குக் கொடுங்கள். ஆற்று அரிப்பில் செங்குத்தாக வெட்டுப்பட்ட செம்மண் கரை அது. இருட்டிலேயே கிளம்பி, ஓலையால் மறைத்த தடுப்புக்குப் பின்னால் உட்கார வைப்பார்கள். முதலில் சிறு பச்சைக்கிளிகள் வந்து எதிர்மரங்களில் உட்காரும். மண்ணில் இறங்காது. ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, கத்திக்கொண்டே இருக்கும். பருந்து நிழல் எங்காவது தட்டினால் மொத்தக் கூட்டமும் ஒரே இரைச்சலோடு எழும்பி மறைந்துவிடும், அரை மணி நேரம் திரும்பாது. எல்லாம் அமைதி என்று தோன்றிய பிறகு ஒரு கிளி மட்டும் தைரியமாக இறங்கி மண்ணைக் கொத்தும். அதன் பிறகு நிமிடத்துக்குள் கரை முழுக்க நிறம் மாறிவிடும். பெரிய பஞ்சவர்ணக்கிளிகள் நிதானமாக, ஜோடி ஜோடியாக, பிறகுதான் வரும். ஒரு காலால் கரையைப் பற்றிக்கொண்டு மறுகாலில் மண்கட்டியை ஏந்திக் கடிக்கும்.

ஏன் மண் தின்கின்றன? தின்னும் காய்களில் உள்ள நஞ்சை முறிக்க என்று நெடுநாள் சொல்லி வந்தார்கள். தம்போபாட்டாவில் டொனால்ட் பிரைட்ஸ்மித்தும் உடன் ஆய்வாளர்களும் மண்ணை எடுத்துச் சோதித்தபோது, பறவைகள் சோடியம் அதிகமுள்ள அடுக்கையே தேடிப் போவது தெரிந்தது. மேற்கு அமேசான் அட்லாண்டிக் கடலிலிருந்து வெகு தூரம். மழையோடு வரும் உப்பு அங்கே எட்டுவதற்குள் குறைந்துபோகிறது. உப்புக்காகத்தான் இந்தக் கூட்டம். மழைக் காலையில் பறவைகள் வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வராவிட்டால் வழிகாட்டியிடம் முகம் சுளிக்காதீர்கள், மறுநாளைக்கு வாய்ப்பு உண்டா என்று கேளுங்கள். லாட்ஜுக்கு அருகே இருப்பவை பெரும்பாலும் சிறு மேடுகள். பெரிய பஞ்சவர்ணக்கிளிகளுக்கு சுன்ச்சோ போன்ற மேட்டுக்குப் படகில் போக வேண்டும், அதை முன்பதிவிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மற்றொரு காலை த்ரெஸ் சிம்பாடாஸ் ஏரிக்கு. ஆறு தன் பாதையை மாற்றிக்கொண்டபோது துண்டாகி நின்றுபோன வளைவு ஏரி அது. இரண்டு ஓடங்களைப் பலகையால் இணைத்த கட்டுமரம் போன்ற படகில் சத்தமில்லாமல் துடுப்புப் போடுவார்கள். அங்கே ராட்சத நீர்நாய்க் குடும்பம் ஒன்றைப் பார்க்கும் வாய்ப்பு உண்டு. 1.8 மீட்டர் வரை வளரும், தொண்டையில் உள்ள வெள்ளைத் திட்டு ஒவ்வொன்றுக்கும் வேறு. 1970-கள் வரை தோலுக்காகக் கொன்று குவித்ததில் பல ஆறுகளில் அற்றுப்போன விலங்கு. படகைத் தள்ளியே நிறுத்துவார்கள். இன்னும் கிட்டே போகச் சொல்லாதீர்கள். குட்டி இருக்கும் குடும்பம் மிரண்டால் பாலூட்டுவதே பாதிக்கப்படலாம்.

பிரேசில் கொட்டை மரத்தடியில் நடக்கும் அந்த அரை மணி நேரம் பயணத் திட்டத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். என் கணக்கில் அதுதான் காட்டையும் மனிதரையும் ஒன்றாகப் புரியவைக்கும் இடம். ஐம்பது மீட்டர் உயரம் போகும் மரம். தேங்காய் போலக் கெட்டியான ஓட்டுக்குள் பத்திலிருந்து இருபத்தைந்து கொட்டைகள் ஆரஞ்சுச் சுளைபோல அடுக்கியிருக்கும். வழிகாட்டி வெட்டுக்கத்தியால் நாலைந்து முறை ஓங்கி வெட்டினால்தான் திறக்கும். காட்டில் இதை அகூட்டி என்ற கொறிவிலங்கு பல்லாலேயே திறக்கிறது. தின்றது போக மிச்சத்தைப் புதைத்துவிட்டு சிலவற்றை மறந்துபோகிறது. அப்படித்தான் புது மரம் முளைக்கிறது. பூவின் கெட்டியான மூடியைத் தூக்கி உள்ளே போக, உடல் பருத்த காட்டுத் தேனீக்களால்தான் முடியும். அந்தத் தேனீக்கள் வாழச் சுற்றிலும் காடு வேண்டும். தோட்டமாக நட்டால் காய்ப்பு சரியாக இல்லாததற்குக் காரணம் இது. சுற்றியுள்ள காடு போனால் கொட்டை வருமானமும் போகும், இதை அங்குள்ள எந்தக் குடும்பமும் அறியும். டிசம்பர் முதல் மார்ச் வரை காய் உதிரும் காலம். ஒரு காய் இரண்டு கிலோ வரை இருக்கும் என்பதால், அந்த மாதங்களில் காற்றடித்தால் மரத்தடியில் யாரும் நிற்க மாட்டார்கள். நீங்களும் நிற்காதீர்கள்.

மருந்துச் செடித் தோட்டத்தில் ஒரு மரத்தைக் கீறிக் காட்டுவார்கள். ரத்தம் போலச் சிவந்த பால் வடியும். உள்ளங்கையில் தேய்த்தால் கண்முன்னே வெள்ளைக் களிம்பாக மாறும், பூச்சிக்கடிக்குத் தடவுவது. இதோடு, மனமயக்கம் தரும் மூலிகைக் கஷாயமான அயவாஸ்கா பற்றியும் பேச்சு வரும். இங்கே கண்டிப்பாகச் சொல்கிறேன்: மூன்று இரவுப் பயணத்தில் அது வேண்டாம். அது அவர்களின் வைத்திய முறை, அதற்கென்று உணவுக் கட்டுப்பாடும் தயாரிப்பும் உண்டு. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்களுக்கு அந்தக் கஷாயம் உயிருக்கே ஆபத்தாகலாம்.

விருந்தோம்புகிறவர்களோடு எப்படிப் பழகுவது என்பதற்குப் பெரிய இலக்கணம் ஒன்றும் தேவையில்லை. அவர்கள் கால்பந்துச் சட்டை போட்டிருப்பார்கள், கையில் கைபேசி இருக்கும். "அசலான பழங்குடி" என்று மனதில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு போய் ஏமாற்றம் அடைவது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. முகத்தைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். பிள்ளைகளுக்கு மிட்டாயும் காசும் நீட்டாதீர்கள். ஏதாவது கொடுக்க ஆசை இருந்தால் பள்ளிக்கு என்ன தேவை என்று லாட்ஜில் விசாரியுங்கள். கிச்வா, அச்சுவார் வீடுகளுக்குப் போனால் மரவள்ளிக்கிழங்கில் புளிக்கவைத்த பானத்தைப் பெண்கள் கிண்ணத்தில் கொண்டுவருவார்கள். மென்று உமிழ்ந்து புளிக்கவைப்பது பழைய முறை. குடிக்க மனம் வராவிட்டாலும் கிண்ணத்தை வாங்கி உதட்டில் வையுங்கள். கையாலேயே தள்ளிவிடுவதுதான் வீட்டாரை நோகச் செய்யும். கைவினைப் பொருளை பேரம் பேசாமல் வாங்குங்கள். ஆனால் இறகுக் கிரீடம், பல் கோத்த மாலை எதையும் வாங்காதீர்கள். காட்டுயிர் வணிகச் சட்டப்படி விமான நிலையத்தில் சிக்குவீர்கள் என்பது ஒருபுறம், அடுத்த கிளியின் இறகுக்கும் நீங்களே விலை வைத்தவர் ஆவீர்கள்.

ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். வெளியுலகத் தொடர்பில்லாத மக்களைத் தொலைவிலிருந்து காட்டுகிறோம் என்று யாராவது சொன்னால், அந்த ஆளோடு பேச்சையே முறித்துக்கொள்ளுங்கள். மாத்ரே டி டியோஸ் காடுகளில் மாஷ்கோ பீரோ மக்கள் அப்படி வாழ்கிறார்கள். சாதாரணச் சளிக்காய்ச்சலும் தட்டம்மையும் அவர்களில் பலரைக் கொன்றுவிடும். ஆற்றங்கரையில் பழைய துணி வைத்துவிட்டு வருவதுகூடக் கொலைக்குச் சமம். அவர்களையும் அவர்கள் நிலத்தையும் பாதுகாக்க 2006-லேயே பெருவில் தனிச் சட்டம் வந்துவிட்டது. ஸ்லாத்தையோ அனகொண்டாவையோ தோளில் போட்டுப் படம் எடுக்க வைக்கும் இடங்களும் வேண்டாம். அந்த விலங்குகள் காட்டிலிருந்து பிடித்து வரப்பட்டவை.

கொண்டுபோக வேண்டியவை குறைவுதான். ரப்பர் பூட்ஸ் லாட்ஜிலேயே தருவார்கள், அளவை முன்கூட்டிச் சொல்லுங்கள். ஜீன்ஸ் நனைந்தால் ஊர் திரும்பும்வரை காயாது, மெல்லிய செயற்கை நூல் உடை போதும். ஆளுக்கொரு பைனாகுலர் கட்டாயம், எட்டு மடங்கு பெருக்கம் சரியாக இருக்கும். கொசுவிரட்டியில் டீட் என்ற வேதிப்பொருள் இருந்தால் கையைத் துடைத்துவிட்டு பைனாகுலரைத் தொடுங்கள், பிளாஸ்டிக்கை டீட் உருக்கிவிடும். மே முதல் அக்டோபர் வரை மழை குறைவு. ஆனால் ஜூன், ஜூலையில் தெற்கிலிருந்து குளிர்காற்று வீசி, திடீரென்று வெப்பநிலை பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கும். அமேசான்தானே என்று கம்பளிச் சட்டையைக் குஸ்கோவில் விட்டுவிட்டு வருபவர்கள் படகில் நடுங்குவார்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் காட்டுக்குப் போவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்பு போட்டாக வேண்டும். இந்தியா திரும்பும்போது அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள், இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் பெரு இருக்கிறது. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். திரும்பி வந்த பின் தோலில் ஏதாவது புண் வாரக்கணக்கில் ஆறாமல் இருந்தால், அமேசானுக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். அங்குள்ள மணல் ஈ கடியால் வரும் லெய்ஷ்மேனியா நோயை, சொல்லாமல் கண்டுபிடிப்பது கடினம்.

மகளைத் தாராளமாகக் கூட்டிப்போங்கள். எட்டு வயது நல்ல வயது. போசாடா அமசோனாஸ் அறைகளில் காட்டைப் பார்த்த பக்கம் சுவரே கிடையாது. கொசுவலைக்குள் படுத்தால் இரவுச் சத்தம் முழுக்க உள்ளே வரும். விடியலில் ஹவ்லர் குரங்குகள் கத்துவது தூரத்தில் புயல் அடிப்பதுபோல இருக்கும். என்னவென்று முன்பே சொல்லிவைத்தால் பயப்பட மாட்டாள். காட்டின் உச்சிக்கு ஏறும் கோபுரத்தில் அவளை உங்கள் இருவருக்கும் நடுவே ஏறவிடுங்கள். இரவு நடையில் அவள் கையில் ஒரு டார்ச் இருக்கட்டும், எதையும் தொடுவதற்கு முன் கேட்க வேண்டும் என்ற ஒரே விதியோடு. பெரியவர்கள் ஜாகுவாரை எதிர்பார்த்து மேலேயே பார்த்துக்கொண்டு நடப்பார்கள். குழந்தைகள் தரையில் இலைவெட்டி எறும்புகளின் வரிசையைக் கண்டு உட்கார்ந்துவிடும். வழிகாட்டியிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள், அவள் உட்காரும் இடத்தில் நடையை நிறுத்தச் சொல்லி.